இரண்டு பரலில் மீன்தொட்டி வடிகட்டி: வன்னி வளவுக்கான செய்முறை

போன சோளகத்துக்குள் பக்கத்து வளவுத் தம்பி தான் செய்த வடிகட்டியைக் காட்டக் கூப்பிட்டார். பெரிய வாளி ஒன்று. அடியில் சல்லி, அதற்கு மேல் ஆற்றுமணல், மணலுக்கு மேல் சிரட்டைக்கரி, எல்லாவற்றுக்கும் மேலே பழைய சாரத்துணி. மீன்தொட்டித் தண்ணி அதற்குள்ளால் இறங்கிக் கண்ணாடி மாதிரி வந்தது. "அண்ணை, குடிக்கலாம் போல கிடக்கு" என்று ஒரு கிளாசில் பிடித்தும் காட்டினார். நாலாம் நாள் மணல் அடைத்துத் தண்ணி வாளி விளிம்பால் வழிந்தது. மணலை அள்ளிக் கழுவிப் போட்டார். இரண்டு நாளில் திரும்ப அடைத்தது. பத்தாம் நாள் விடியப் பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. தண்ணி அப்போதும் தெளிவாய்த்தான் இருந்தது.

அவர் செய்தது குடிதண்ணி வடிகட்டி. கலங்கல் தண்ணிக்கு அது நல்லது. ஆனால் மீன்தொட்டித் தண்ணியில் இரண்டு விதமான அழுக்கு இருக்கிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியும்: மீனின் கழிவு, மிஞ்சிய தீன், உதிர்ந்த பாசி. மற்றது தெரியாது: மீன் செவுளால் விடுகிற அமோனியா. அது தண்ணியில் கரைந்தே இருப்பதால் மணலில் தங்காது. கரி கொஞ்ச நாளைக்குக் கொஞ்சம் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு சும்மா கிடக்கும். அமோனியாவை ஒழிப்பது பக்ரீரியா. ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக்கும், இன்னொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். நைத்திரைற்றும் மீனுக்கு நஞ்சுதான். நைத்திரேற்று பயிருக்குப் பசளை. இந்தக் கூட்டங்கள் கல்லில், பைப்பின் உட்சுவரில், எங்கே இடம் கிடைத்தாலும் வழுவழுப்பான ஒரு படையாக ஒட்டி வாழும். அவற்றுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள இடமும், காற்றோட்டமுள்ள தண்ணியும், இருட்டும். சேறு வந்து மூடினால் மூச்சடைத்துச் செத்துப்போகும்.

ஆகவே சேற்றைப் பிடிக்க ஒரு பரல், பக்ரீரியா குடியிருக்க இன்னொரு பரல். அங்கிருந்து தண்ணி பயிர் நிற்கிற சல்லிப் பாத்திக்கும் பிறகு கீழ்த்தொட்டிக்கும் இறங்கி, பம்பால் திரும்ப மீன்தொட்டிக்கு ஏறும். இரண்டையும் ஒன்றுக்குள் திணித்ததால்தான் தம்பியின் வாளி அடைத்தது.

எவ்வளவு பெரிதாய்ச் செய்வது?

நான் சொல்லப்போவது 1000 லீற்றர் மீன்தொட்டிக்கான கணக்கு. மீள்குடியேறிய காலத்துக் கறுப்புத் தாங்கி பல வளவுகளில் இன்னும் கிடக்கிறது. மேல்பக்கத்தை வெட்டினால் அதுவே போதும். கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியும் சரிதான். புதிதாய்க் கட்டியதென்றால் சுண்ணாம்புக் காரம் போகும்வரை தண்ணி நிரப்பி, வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவிட்டு, நாலைந்து தரம் மாற்றிய பிறகே மீன் விடலாம்.

வடிகட்டியின் அளவைத் தீர்மானிப்பது எத்தனை மீன் என்பதல்ல, நாளுக்கு எவ்வளவு தீன் போடுகிறீர்கள் என்பதுதான். 30 வீதம் புரதமுள்ள தீனில் 100 கிராம் போட்டால் ஏறக்குறைய 3 கிராம் அமோனியா தண்ணிக்கு வரும். நன்றாய் ஊறிய, அதாவது பக்ரீரியா படர்ந்த, ஒரு சதுர மீற்றர் கல் மேற்பரப்பு நாளொன்றுக்கு 0.2 கிராமைத் தின்று தீர்க்கும் என்று கஞ்சத்தனமாய்க் கணக்கு வையுங்கள். அப்படியானால் 100 கிராம் தீனுக்கு 15 சதுர மீற்றர் வேண்டும். முக்கால் அங்குலச் சல்லியில் ஒரு கன மீற்றருக்கு 100 சதுர மீற்றருக்கு மேல் பரப்பு வரும். ஒரு பரலுக்குள் 150 லீற்றர் சல்லி பிடிக்கும். கணக்கு அங்கேயே சரிவந்துவிடுகிறது. பயிர் நிற்கிற சல்லிப் பாத்தி அதற்கு மேலதிகக் காவல்.

100 கிராம் தீன் என்றால் கை அளவான திலாப்பியா 20 மட்டில். எங்கள் பக்கத்தில் ஜப்பான் மீன் என்பார்கள். 1952 இல் நாட்டுக்குக் கொண்டுவந்தது, இப்போது குளமெல்லாம் நிற்கிறது. ஆனால் குளத்தில் பிடித்த குஞ்சை விடாதீர்கள், ஒட்டுண்ணியோடு வரும். அரசாங்கத்தின் மீன்வளர்ப்பு அதிகாரசபையான நக்டாவில் கேட்டு வாங்குங்கள். கீரை வகைக்கு நாளொன்றுக்கு ஒரு சதுர மீற்றருக்கு 40 முதல் 50 கிராம் தீன் என்பது அளவு. எனவே ஒரடி ஆழச் சல்லிப் பாத்தி 2 சதுர மீற்றர் போதும். கங்குன், வல்லாரை, பொன்னாங்காணி, புதினாவில் தொடங்குங்கள். தக்காளியும் மிளகாயும் வடிகட்டி ஊறிய பிறகு.

பத்துப் பன்னிரண்டு மீன்தான் வளர்ப்பேன் என்பவருக்கு இந்தப் பரல்கள் எதுவுமே தேவையில்லை, சல்லிப் பாத்தியே வடிகட்டியாகிவிடும். வருசத்துக்கொருமுறை பாத்தியைக் கிளறிக் கழுவுகிற அலுப்புக்குத் தயார் என்றால் அப்படியே செய்யலாம்.

பரலும் சல்லியும்

200 லீற்றர் நீலப் பரல் இரண்டு. முன்பு அதற்குள் என்ன இருந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். வினாகிரி, பழச்சாறு, குளுக்கோஸ் வந்த பரல் நல்லது. கிருமிநாசினி, ஓயில், அசிட் வந்ததை எத்தனை தரம் கழுவினாலும் எடுக்காதீர்கள். நிச்சயமில்லையென்றால் கால்வாசிக்குச் சுடுதண்ணி விட்டு, மூடி இறுக்கி, ஒரு பகல் வெயிலில் வையுங்கள். பின்னேரம் மூடியைத் திறந்து மூக்கை வைத்துப் பாருங்கள். மருந்து நாற்றம் வந்தால் அது குப்பைக்குப் போகவேண்டிய பரல்.

சல்லி கருங்கல்லாக இருக்கவேண்டும். மன்னார்ப் பக்கமும் யாழ்ப்பாணப் பக்கமும் சுண்ணாம்புக்கல் கலந்து வரும், அது தண்ணியின் காரத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும். சோதிக்க ஒரு தேசிக்காய் போதும். கல்லைக் கழுவிக் காயவிட்டு, பாதித் தேசிக்காயைப் பிழிந்துவிட்டுக் காதுக்குக் கிட்டப் பிடியுங்கள். சுண்ணாம்புக்கல் என்றால் சின்னதாய்ச் 'சிர்ர்' என்று கேட்கும், சாறு நுரைத்து நிற்கும். கருங்கல்லில் சாறு சும்மா வழிந்தோடும். பத்துக் கல்லிலாவது பாருங்கள், ஒரே லோட்டில் இரண்டும் கலந்து வருவதுண்டு.

சல்லிக்குப் பதில் போத்தல் மூடி சேர்த்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். பாரமில்லை, நன்றாய் வேலை செய்யும். மிதக்காமல் மேலே வலை கட்டவேண்டும், அவ்வளவுதான். எனக்குச் சல்லி பிடிக்கும். ஓரிடத்தில் இருக்கும்.

மற்றச் சாமான்கள்: 2 அங்குல பிவிசி பைப், எல்போ, ரீ, தாங்கிக்குப் போடுகிற நட்டும் இறப்பர் வாஷரும் உள்ள பொருத்திகள், ஒன்றரை அங்குல போல் வால்வ் இரண்டு, அடி வெட்டிய 20 லீற்றர் வாளி ஒன்று, வெங்காயம் வருகிற வலைப்பை பதினைந்து, பழைய நைலோன் மீன்வலை ஒரு கட்டு. முல்லைத்தீவுக் கரையில் கிழிந்த வலை வேண்டுமென்று கேட்டால் சும்மாவே தருவார்கள். உப்புப் போக இரண்டு நாள் நல்ல தண்ணியில் ஊறவிடுங்கள்.

முதலாவது பரல்: சேறு தங்குமிடம்

பரலின் மேல்மூடியை வெட்டி எடுங்கள். துளை போடுகிற வட்ட அரம் இல்லையென்றால் வட்டம் கீறி, ஓரமாய்ச் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, உள்வட்டத்தைத் தட்டி எடுத்து அரத்தால் உரசுங்கள். இரும்புப் பைப்பைச் சூடாக்கி உருக்கித் துளைப்பது சுகம்தான். ஆனால் உருகின விளிம்பு மேடுபள்ளமாய் நின்று வாஷர் பிடிக்காது, வாழ்நாள் முழுக்கச் சொட்டும். சிலிக்கன் பூசுவதென்றால் மீன்தொட்டிக்கென்று விற்பதை வாங்குங்கள். குளியலறைக்கு விற்பதில் பூஞ்சை கொல்லும் மருந்து கலந்திருக்கும்.

மூன்று துளைகள். மிகக் கீழே ஒன்று, அது கழிவு வால்வுக்கு. அதே பக்கத்தில் விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் கீழே இன்னொன்று, தெளிந்த தண்ணி வெளியேற. எதிர்ப்பக்கம் நடுவுயரத்தில் மூன்றாவது, மீன்தொட்டித் தண்ணி உள்ளே வர.

உள்ளே வரும் பைப் பரலின் நடு வரை வந்து, ஒரு எல்போவால் மேலே திரும்பி, தண்ணி மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கவேண்டும். அந்த வாயைச் சுற்றி அடி வெட்டிய வாளி தொங்கும். வாளியின் விளிம்பு தண்ணிக்கு இரண்டு அங்குலம் மேலே, வெட்டிய அடி பரலின் பாதி ஆழத்துக்கு. வாளியில் குறுக்காய் இரண்டு துண்டுப் பைப்பைக் கோத்துப் பரல் விளிம்பில் இருத்தினால் நிற்கும். இப்போது தண்ணி வாளிக்குள் மேலே வந்து, திரும்பிக் கீழே இறங்கி, வாளியின் அடியைச் சுற்றி வெளியே வந்து, மெதுவாய் மேலேறிப் போகும். திரும்பி மேலேறுகிற இடத்தில் சேறு பாரத்தால் அடிக்கு விழுந்துவிடும். தண்ணி அவசரப்படாமல் இருப்பதுதான் இதிலுள்ள வித்தை.

வாளிக்கும் பரலுக்கும் இடையிலுள்ள மேல் வளையத்தில் அந்த நைலோன் வலையை இறுக்காமல் அவிழ்த்துப் போடுங்கள். விழாமல் மிதக்கிற மெல்லிய தூள் அதில் பிடிபடும்.

பரலின் அடி தட்டையானது, சேறு வால்வுக்கு வராமல் மூலையில் தங்கும். அதற்காகப் பரல் இருக்கிற சீமெந்துத் தளத்தை வால்வுப் பக்கம் இரண்டு அங்குலம் சரித்துப் போடுங்கள். தண்ணி நிறைந்தால் 200 கிலோ, கிரவல் மண்ணில் அப்படியே வைத்தால் மாரியில் புதைந்து சாயும்.

மீன்தொட்டியிலிருந்து தண்ணி எடுக்கும் விதமும் முக்கியம். மேலால் வழியவிட்டால் தெளிந்த தண்ணிதான் வரும், சேறு தொட்டியின் அடியிலேயே கிடக்கும். 2 அங்குல பைப்பைத் தொட்டியின் அடி நடுவிலிருந்து மேலே கொண்டுவந்து, தண்ணி மட்டத்தில் ரீ போட்டு, பக்கவாட்டால் வெளியே எடுங்கள். அடி வாயில் மீன் போகாத அளவுக்கு அரத்தால் கீற்றுக்கள். ரீயின் மேல்வாய் திறந்தே இருக்கட்டும். மூடினால் பரலைக் கழுவித் திறக்கிற நாளில் மீன்தொட்டியும் கூடவே இறங்கும்.

இரண்டாவது பரல்: பக்ரீரியா வீடு

முதற் பரலிலிருந்து வருகிற தண்ணி இதன் அடிக்குப் போய் அங்கிருந்து மேலேறவேண்டும். வருகிற பைப்பை உட்பக்கமாய் அடிவரை இறக்கி, முனையில் துளையிட்ட பைப்பைச் சிலுவையாய்ப் பொருத்துங்கள். அடியில் நாலு அரைச் செங்கல், அதன் மேல் கவிழ்த்த பிளாஸ்ரிக் கூடை, அதற்கு மேல் சல்லி. இதற்கும் மிகக் கீழே ஒரு கழிவு வால்வ்.

சல்லியை அப்படியே கொட்டாதீர்கள். நான் கொட்டினேன். ஒரு வருசம் கழித்து 200 கிலோவுக்கு மேற்பட்ட கல்லைக் கோப்பையால் அள்ளி எடுத்த அன்றைக்குத்தான் வெங்காயப் பை ஞாபகம் வந்தது. பத்துப் பத்து லீற்றராய்ப் பையில் கட்டினால் ஒன்று 15 கிலோ, வீட்டுப் பெடியன் ஒருவர் தூக்கலாம். செங்கல் வரிசை மாதிரி மாறி மாறி அடுக்கி, சந்துகளில் உதிரிக் கல்லைப் போடுங்கள். கொஞ்சத் தண்ணி சந்தால் தப்பி ஓடத்தான் செய்யும். கழுவுகிற சுகத்துக்காக அந்த நட்டத்தை நான் பொறுத்துக்கொள்கிறேன். மேலே நாலு அங்குலம் தண்ணி நிற்க இடம் விடுங்கள்.

பை கட்டுமுன் சல்லியை நன்றாய்க் கழுவுங்கள், கல்லுடைத்த தூசு போகும்வரை. இது அரைநாள் வேலை, அதைக் குறைக்க வழியில்லை.

மட்டம், பம்ப், திரும்பும் பைப்

மீன்தொட்டித் தண்ணி மட்டம் எல்லாவற்றிலும் உயரம். முதற் பரலின் வெளிவாய் அதைவிட இரண்டு அங்குலம் கீழே, இரண்டாம் பரலின் வெளிவாய் அதைவிட இன்னும் இரண்டு அங்குலம் கீழே, பிறகு பாத்தி, கடைசியாய் நிலத்தில் பாதி புதைத்த கீழ்த்தொட்டி. பம்ப் கீழ்த்தொட்டியில் மட்டும்தான். மீன்தொட்டிக்குள் பம்பை வைத்துப் பரலுக்குத் தள்ளினால் கழிவை அது தூளாக்கிவிடும். தூளானது தங்காது, பாத்தி வரை போய் வேரில் படியும். மட்டத்தைக் கண்ணால் பார்க்காதீர்கள். மேசன்மார் வைத்திருக்கிற தண்ணி ரியூப்பை ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள், உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல்.

மணித்தியாலத்துக்கு ஒரு தரம் தொட்டித் தண்ணி முழுக்கச் சுற்றவேண்டும், அதாவது 1000 லீற்றர். பம்ப் பெட்டியில் போட்டிருக்கிற கணக்கு தண்ணியை உயர்த்தாமல் அளந்தது. ஐந்தடி உயர்த்தினால் நன்றாய்க் குறையும், ஆகவே 2000 போட்டதை வாங்குங்கள். பொருத்திய பிறகு திரும்பும் பைப்பின் கீழே 10 லீற்றர் வாளியைப் பிடித்துக் கைத்தொலைபேசியில் நேரம் பாருங்கள். 36 செக்கனில் நிறைந்தால் சரி. மிக வேகமென்றால் முதற் பரலில் சேறு தங்க நேரம் கிடையாது.

இனிக் கவனமாய் வாசியுங்கள். திரும்பும் பைப்பின் வாய் மீன்தொட்டித் தண்ணிக்கு மேலே ஒரடியில் நிற்கவேண்டும். தண்ணி விழுகிற சத்தம் இரவில் நித்திரையைக் குழப்புகிறதென்று நான் அதைத் தொட்டியின் அடிவரை இறக்கிவிட்டேன். 2022 பங்குனி, நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத காலம். இரவு பம்ப் நின்றதும் அதே பைப் தலைகீழாய் உறிஞ்சத் தொடங்கி, மீன்தொட்டித் தண்ணியைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, கீழ்த்தொட்டி நிறைந்து வாழைக்குப் பாய்ந்துவிட்டது. விடியப் போனால் நாலு விரல் தண்ணியில் மீன்கள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. வாழை அந்தமுறை நல்ல குலை போட்டது என்பது வேறு கதை. இப்போது பைப் மேலே. விழுகிற தண்ணி காற்றையும் கலக்கிறது. 30 பாகை வெப்பத்தில் தண்ணி தாங்கக்கூடிய ஒட்சிசனே லீற்றருக்கு 7.5 மில்லிகிராம்தான், எங்கள் வெயிலில் அந்தச் சத்தம் தேவை.

பற்றறியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றும், பழைய மோட்டார் சைக்கிள் பற்றறியும், சிறு சோலர் தகடும் இருந்தால் மீன்தொட்டிக்கும் இரண்டாம் பரலுக்கும் ஒவ்வொரு காற்றுக்கல் போட்டு வையுங்கள். பம்புக்கு ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பு கட்டாயம். தண்ணிக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிற வேலை இது.

ஊறவிடும் மாதம்

கட்டி முடித்து நிரப்பிய அன்றே மீன் விடுபவர்கள்தான் அதிகம். அந்த மீன்கள்தான் அதிகம் சாகின்றன.

மூன்று நாள் வெறும் தண்ணியைச் சுற்றவிட்டு ஒழுக்குப் பாருங்கள். குழாய்த் தண்ணியென்றால் அந்த நாட்களில் குளோரினும் போய்விடும். பிறகு யாரும் ஓட்டுகிற நல்ல தொட்டியிலிருந்து ஒரு பை சல்லி இரவல் கேட்டு உங்கள் பரலில் இடுங்கள், உறை ஊற்றுகிற மாதிரி. குளத்துச் சேற்றை அள்ளிப் போடாதீர்கள், நத்தையும் அட்டையும் நோயும் கூட வரும். ஐந்து மீன், ஒரு சிட்டிகைத் தீன். முதல் இரண்டு கிழமையில் அமோனியா ஏறும், அது இறங்க நைத்திரைற்று ஏறும், அதுவும் இறங்கினால் பரல் தயார். எங்கள் வெப்பத்தில் நாலு கிழமை மட்டில் ஆகும், ஆறும் ஆகலாம்.

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அழகுமீன் விற்கிற கடையில் சோதனைச் சொட்டு மருந்து கேட்டுப் பாருங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணி பெரும்பாலும் காரம், பிஎச் 8 ஐத் தொடும். 30 பாகையில் பிஎச் 8 என்றால் அமோனியாவில் 7 வீதத்துக்கு மேல் நஞ்சு வடிவில் இருக்கும். பிஎச் 7 இல் அது ஒரு வீதம்கூட இல்லை. அதனால் மற்ற இடத்தவர் லீற்றருக்கு 1 மில்லிகிராம் வரை பொறுப்பார்கள், நான் அரையைத் தாண்டினாலே தீனை நிறுத்திவிடுவேன். அமோனியாவும் நைத்திரைற்றும் அரைக்குக் கீழே நின்றால்தான் அடுத்த கிழமை தீனைக் கூட்டலாம், புது மீனும் விடலாம். மருந்து கிடைக்காவிட்டால் ஆறு கிழமைக்கு ஐந்து மீனோடு பொறுத்திருங்கள், வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது.

நைத்திரைற்று ஏறினால் மீனின் செவுள் சிவப்பு மாறிக் கோப்பித் தூள் நிறமாகும். ஒட்சிசன் இருந்தும் மூச்செடுக்க முடியாமல் தவிக்கும். 1000 லீற்றருக்கு ஒரு கிலோ கட்டியுப்பைக் கரைத்து விடுங்கள், தணியும். திலாப்பியாவுக்கு அந்த உப்பு ஒன்றும் செய்யாது, போஞ்சிக்குத்தான் பிடிக்காது.

நாள் வேலை, கிழமை வேலை

விடிய எழும்பியதும் முதற் பரலின் வால்வைச் சட்டென்று முழுக்கத் திறக்கவேண்டும், மெதுவாய்த் திறந்தால் சேறு கிளம்பாது. முதலில் கறுப்பாய்த் தடித்து வரும், பிறகு பிளேன் ரீ நிறம். அந்த நிறம் வெளிறத் தொடங்கியதும் மூடுங்கள், பத்துச் செக்கன்கூட ஆகாது. பிடித்த வாளித் தண்ணி பப்பாசிக்கும் வாழைக்கும் போகட்டும். குறைந்ததைக் கிணற்றுத் தண்ணியால் நிரப்புங்கள்.

கிழமைக்கு ஒரு தரம் நைலோன் வலையை எடுத்துத் தொட்டித் தண்ணி உள்ள வாளியில் அலசிப் போடுங்கள். மாதத்துக்கு ஒரு தரம் இரண்டாம் பரலில் மூன்று சல்லிப் பைகளை மட்டும் தூக்கி, தொட்டித் தண்ணியிலேயே இரண்டு முக்கு முக்கித் திரும்ப வையுங்கள். அடுத்த மாதம் வேறு மூன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் பளபளவென்று கழுவி வெயிலில் காயவிட்டால் ஒரு மாதம் வளர்த்ததை ஒரு மத்தியானத்தில் கொன்றதாகும். குழாய்த் தண்ணியும் சவர்க்காரமும் கிட்டவே வரக்கூடாது. கல்லைத் தொட்டுப் பாருங்கள்: மண்ணிறமாய், வழுவழுப்பாய், முதல் மழைக்கு நனைந்த மண் மாதிரி மணத்தால் நல்லாய் இருக்கிறது. கறுத்து, கூழ்முட்டை மணம் வந்தால் காற்றுப் போகவில்லை.

அதே கூழ்முட்டை மணம்தான் நீண்ட மின்வெட்டிலும் வரும். பம்ப் நாலு மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் ஓடவிடாதீர்கள். பரலுக்குள் தேங்கிய தண்ணியில் ஒட்சிசன் தீர்ந்து நஞ்சு ஊறியிருக்கும், அது அப்படியே மீனுக்குப் போகும். பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, முதலில் இரண்டு பரலின் கழிவு வால்வையும் திறந்து முழுக்க இறக்குங்கள், நல்ல தண்ணியால் நிரப்புங்கள், பிறகு பம்ப். இரவில் தானே நின்று தானே ஓடத் தொடங்கினால் செய்ய ஒன்றுமில்லை, காற்றுக்கல் அதற்காகத்தான்.

முதற் பரலில் தண்ணி வழமையை விட ஏறி நின்றால் அதற்கு அடுத்த பைப்போ சல்லியோ அடைத்திருக்கிறது. மீன் விடியக்காலையில் மட்டும் மேலே வந்து வாய் திறந்தால் ஒட்சிசன் குறைவு, நாள் முழுக்கத் திறந்தால் அமோனியாவைச் சோதியுங்கள். இரண்டிலும் முதல் வைத்தியம் தீனை நிறுத்துவது. திலாப்பியா நாலு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது.

பயிரின் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால் இரும்புக் குறைவு. காரத் தண்ணியில் இது வரும், கமக்கடையில் கிலேற்று இரும்பு கேளுங்கள். பூச்சிக்கு மருந்தடிக்கவே கூடாது. இயற்கை மருந்துதானே என்று புகையிலைக் கரைசலோ வேப்பெண்ணெயோ தெளித்தாலும் சொட்டுச் சொட்டாய்த் தண்ணிக்குப் போய் மீனைத்தான் முதலில் பிடிக்கும். மீனுக்கு வருத்தம் வந்தால் வேறு வாளியில் உப்புத் தண்ணியில் வைத்துப் பாருங்கள், தொட்டிக்குள் மருந்து ஊற்றினால் பரலிலுள்ளவையும் சாகும். காலபோகத்தில் பக்கத்து வயலுக்கு மருந்தடிக்கிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்குத் தொட்டியை மூடுங்கள்.

பரல் இரண்டையும் கிடுகால் சுற்றிக் கட்டுங்கள். நீலப் பிளாஸ்ரிக்கால் வெளிச்சம் போய்ப் பாசி பிடிக்கும். வாய்க்கு நுளம்பு வலை இறுக்கமாய். திறந்த தண்ணிப் பரலைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பிஎச்ஐ ஐயா, கேள்வி கேட்பார், கேட்கத்தான் வேண்டும். கீழ்த்தொட்டியில் நாலு கப்பி மீன் விட்டால் நுளம்பின் கூத்தன் பூச்சி மிஞ்சாது. மயிலுக்கும் கொக்குக்கும் பாத்தியின் மேலும் தொட்டியின் மேலும் மிஞ்சின மீன்வலை.

மாரிக்கு முன்

ஐப்பசியில் மழை பிடிக்குமுன் மூன்று காரியம். முதலாவது காரத்தன்மை. ஒரு கிராம் அமோனியாவை மாற்ற பக்ரீரியா ஏறக்குறைய 7 கிராம் காரத்தைத் தின்னும். கோடையில் கிணற்றுத் தண்ணி நிரப்ப நிரப்ப அது ஈடாகிவிடும். மாரியில் நிரப்புவது மழைத்தண்ணி, அதில் காரம் இல்லை. பிஎச் 6.5 க்குக் கீழே போனால் பக்ரீரியா சோரும், 6 க்குக் கீழே ஏறக்குறைய நின்றேவிடும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஓட்டை உப்புப் போகக் கழுவி, ஒரு வெங்காயப் பையில் கட்டி இரண்டாம் பரலின் மேலே தொங்கவிடுங்கள். தண்ணி புளித்தால் கரையும், ஏறினால் தூக்கி வெளியே வைக்கலாம். சுண்ணாம்புக்கல்லை அடியில் கொட்டியவருக்கு அந்த வசதி கிடையாது.

இரண்டாவது, கீழ்த்தொட்டியை வெறுமையாய் விடாதீர்கள். நிலத்தடித் தண்ணி ஏறும்போது வெறும் தொட்டி தோணி மாதிரி மிதந்து எழும்பிப் பைப்பெல்லாம் முறிந்துவிடும். கூரைத்தண்ணி பீலியால் தொட்டிக்குள் விழுகிறதா என்றும் பாருங்கள், ஓரிரவு மழையில் மீன்கள் முற்றத்தால் நீந்திப் போன வளவுகள் உண்டு.

மூன்றாவது, பிளக். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் எல்லாம் திறந்தபோது தண்ணி எவ்வளவு வேகமாய் வந்தது என்பதைக் கண்டவர்கள் நாங்கள். பம்புக்குப் போகிற பிளக்கும் ரிப் சுவிட்சும் பற்றறியும் நிலத்திலிருந்து நாலடி உயரத்தில், சுவரில் ஆணி அடித்து நிற்கட்டும். வயரைப் பிளக்கிலிருந்து நேரே பம்புக்கு இறக்காமல், ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றுங்கள். வயரில் ஓடி வருகிற மழைத்தண்ணி அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.